இரண்டு சூரியன் உள்ள சுவரொட்டி

ஜனவரி 11

அன்புள்ள எக்ஸ்ரேக்காரிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கழுத்து மட்டும் இடது பக்கம் திரும்ப மறுக்கிறது. அதனால் ஒரு வாரமாக உலகத்தின் வலது பாதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? கஷாயம் ஏதாவது குடிக்கிறாயா, அல்லது அடுத்தவருக்குச் சொல்வதோடு சரியா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் காகிதம். இதில் குறுக்கே பேச முடியாது. உனக்கு அது கஷ்டம், எனக்கு வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படத்துக்குப் போஸ்டர் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் ‘திறந்தே இருக்கும்’. பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவன். அவன் மனைவி ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அன்றிலிருந்து ஊர்ப் பூட்டையெல்லாம் சரி செய்கிறவன் தன் வீட்டை மட்டும் பூட்டுவதே இல்லை. எனக்குச் சொன்ன கதை இவ்வளவுதான். “முழுப் படத்தையும் ஒரு தடவை காட்டுங்க சார்” என்று கேட்டேன். “போஸ்டர பாக்கிறவன் என்ன முழுப் படத்தையும் பாத்துட்டா வரான்?” என்று டைரக்டர் திருப்பிக் கேட்டார். அளவை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன்.

முதல் மாதிரியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பத்தடி தள்ளி நின்று பார். பிறகு தலைகீழாகப் பிடித்துப் பார். பிறகு திட்டு. நீ இங்கிருந்து போன ஒன்றரை வருஷத்தில், உன் கண்ணில் படாமல் எட்டு போஸ்டர் அச்சுக்குப் போயிருக்கிறது. எட்டும் சுவருக்கு வந்தபிறகு எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். “எத்தன நாளைக்குடா இப்படி ஒத்த டம்ளரக் கழுவிக்கிட்டு இருக்கப்போற?” என்றாள். ஒன்று கழுவுவது சுலபம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்

ஜனவரி 20

என் வீட்டுக்காரருக்கு அன்புடன்,

இருமலில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி காலி செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. தலையணையைக் குறைத்துப் போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! கழுத்தை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் எலும்பையாவது பார்த்துக்கொள்கிறேன்.

போஸ்டரைச் சாப்பாட்டு நேரத்தில், எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பலகையில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்றேன். எட்டிப் பார்த்த நர்ஸ், “அக்கா, இது என்ன புதுப் பல்பசையா?” என்றாள். அதைவிடச் சுருக்கமான விமர்சனம் என்னிடம் இல்லை.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மனைவி விட்டுப்போன கதைக்கு, இரண்டு பேரையும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு தலைமுடி நுழைய இடமில்லை. பிரிந்தவர்களின் படத்தில் முதலில் வரைய வேண்டியது அந்த இடத்தைத்தானே? தலைகீழாகப் பார்த்தால் பின்னால் இருக்கும் பூட்டுதான் கதாநாயகன். பூசணிக்காய் அளவு இருக்கிறது. எழுத்தையாவது காற்றோட்டமாக விட்டீர்களா என்றால், அதையும் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறீர்கள். ‘திறந்தே இருக்கும்’ என்று படிக்கும்போது எனக்கு மூச்சு முட்டியது.

கதவைக் காட்டுங்கள். காத்திருக்கிறவன் முகம் யாருக்கு வேண்டும்? அவன் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானோ அதைக் காட்டுங்கள். போஸ்டர் முன்னால் நிற்கிற ஒவ்வொருவரும் அவன் நின்ற இடத்தில் நிற்பார்கள்.

இன்னொன்று. என்னை இந்த மருத்துவமனையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள மேலிடத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். சம்மதம் என்றால் ஜூன் முப்பதுக்குள் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழைய இடத்துக்கே, அங்கேயே, திரும்பி வந்துவிடலாம். புது இயந்திரம், இந்தப் பக்கம் முழுவதற்கும் நான் ஒருத்திதான் என்ற பெருமை, எல்லாம் இருக்கிறது. உங்களுக்கு எது நல்லது என்று தோன்றுகிறது?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் எக்ஸ்ரேக்காரி

பிப்ரவரி 6

அன்புள்ள எக்ஸ்ரேக்காரிக்கு,

தலையணையை எடுத்துவிட்டேன். கழுத்து இப்போது முக்கால்வாசி திரும்புகிறது. நீ இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது. நடுநடுவே கோடு எகிறியிருக்கிறது. லீவு போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

பல்பசை என்று சொன்ன நர்சுக்கு என் வணக்கம். பழையதைக் கிழித்துப்போட்டுவிட்டேன். புது மாதிரியை அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடியே கதவு. போஸ்டர் முழுவதும் திறந்த கதவுதான். வெளியே நீளமான தரை, தூரத்தில் முதுகைக் காட்டி நடந்து போகும் ஒரு பெண். இடது ஓரத்தில், கதவின் தாழ்ப்பாளில் ஆணின் கை. அவ்வளவுதான். பெயரைக் கீழே, வாசற்படி மேல் சின்ன எழுத்தில் வைத்திருக்கிறேன். குனிந்துதான் படிக்க வேண்டும்.

கதாநாயகியின் தேதி இன்னும் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பெண் இருக்கும் இடத்தில் மாதிரிக்கு ஒரு பழைய படத்தை வைத்திருக்கிறேன். கதாநாயகி வந்ததும் எடுத்துவிடுவேன். நிறத்தையெல்லாம் வெளுக்கவிட்டு நீலச் சாம்பலாக்கியிருக்கிறேன்.

டைரக்டர் இதை எடுத்துப் போய் எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “சரி, உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். என் முதல் பார்வைக்காரி யார் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நீ ஊரில் இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியாது. சொல்லவில்லை.

வெந்நீர் குடி.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 15

என் வீட்டுக்காரருக்கு அன்புடன்,

லீவு போட்டேன், திருப்தியா? வீட்டில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் இந்தத் தடவை நீளமாகத் திட்டப்போகிறேன். கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பாராட்டு. நல்ல போஸ்டர். உங்கள் கையிலிருந்து இப்படி ஒன்று வந்து எத்தனை வருஷம் ஆயிற்று! சுவரில் ஒட்டினால் தெருவில் போகிற ஆள் இரண்டு எட்டு தாண்டிப் போய், திரும்பி வந்து பார்ப்பான். அந்தத் தாழ்ப்பாள் மேல் இருக்கும் கை மூடப்போகிறதா, இப்போதுதான் திறந்ததா என்று சொல்ல முடியவில்லை. அதை அப்படியே விட்டதற்கு உங்களுக்கு ஒரு சபாஷ்.

இப்போது குறை. ஒரே படத்தில் இரண்டு சூரியன் இருக்கிறது. கதவின் நிழல் நீண்டு வலது பக்கம் விழுகிறது. பெண்ணின் நிழல் இடது பக்கம் விழுகிறது. கதவு மாலையில் எடுத்தது, அவள் காலையில் நடந்தவள். எலும்பையும் நிழலையும் பார்த்தே சோறு தின்கிறவளிடம் இதை மறைக்க முடியுமா? சரி செய்துவிடுங்கள்.

அடுத்து அந்தப் பெண். கட்டைவிரல் உயரம்தான் இருக்கிறாள், முகமும் இல்லை. ஆனால் அரை மணி நேரம் அவளைத்தான் பார்த்தேன். முதுகைப் பார்த்தால் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடது தோள் தாழ்ந்திருக்கிறது, ஆனால் பை வலது கையில் இருக்கிறது. இதற்கு முன்னால் பை இடது கையில் இருந்து, இப்போதுதான் கை மாற்றியிருக்கிறாள். பத்தடி நடப்பதற்குள் யாராவது பையைக் கை மாற்றுவார்களா? நேரத்தைப் போக்குகிறாள். பின்னங்கால் குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. தலை நேராக இருந்தாலும் கழுத்து லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அது காது கொடுத்துக் கேட்கிற கழுத்து. இவள் போகவில்லை. யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நடந்துகொண்டிருக்கிறாள். ஒரே ஒரு குரல் போதும், பையைக் கீழே போட்டுவிடுவாள்.

கதாநாயகியை வைத்து எடுக்கும்போது இதைச் சொல்லி நடக்க விடுங்கள். நடிக்கிறவர்களுக்கு இது சுலபத்தில் வராது.

அதுசரி, யார் இந்தப் பெண்? பழைய படம் என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பழையது? உங்கள் ஆபீசுக்குப் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா? சும்மா கேட்டேன். அவள் மேல்சட்டையின் முதுகுத் தையல் கோணல், அதை மட்டும் சொல்லி வையுங்கள்.

போன கடிதத்தில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. என் இருமலைப் பற்றி நான்கு வரி இருந்தது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மறுபடியும் கேட்கிறேன். ஜூன் முப்பதுக்குள் நான் என்ன செய்யட்டும்?

உங்கள் எக்ஸ்ரேக்காரி

மார்ச் 24

அன்புள்ள எக்ஸ்ரேக்காரிக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பல தடவை படித்தேன். வேலை அதிகமாக இருந்ததால் எழுதவில்லை என்று எழுத நினைத்தேன். வேலை அதிகமில்லை.

நிழலை ஒரே பக்கமாகத் திருப்பிவிட்டேன். அந்தப் பெண் ஆபீசுக்குப் புதிதாக வந்தவள் இல்லை. கவலைப்படாதே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவள் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நடக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதை உறுதியாகச் சொல்கிறாயா? அல்லது போஸ்டர் நன்றாக இருக்கட்டும் என்று சொன்னதா? யோசித்து எழுது. எனக்கு அது தெரிய வேண்டும்.

படிவம் விஷயம் உன் இஷ்டம்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 2

வீட்டுக்காரருக்கு,

இருமல் போய்விட்டது. உடம்புக்கு வேறு ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் வாசலைப் பார்த்தேன். தபால்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கும் இல்லம்மா” என்று தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். கடைசியில் கடிதம் வந்தது. அதில் எனக்கென்று இருந்தது ‘உன் இஷ்டம்’.

பதவி உயர்வோடு இந்த ஊருக்கு மாற்றல் வந்த அன்றும் இதைத்தான் சொன்னீர்கள். சமையலறையில் நின்றுகொண்டு கடிதத்தை உங்களிடம் நீட்டினேன். படித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “உன் இஷ்டம்” என்றீர்கள். அதற்கு ‘போ’ என்று அர்த்தமா, ‘போகாதே’ என்று அர்த்தமா என்று நானும் ஒன்றே முக்கால் வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட எனக்குத் தெரியும். உங்கள் வாயிலிருந்து வருகிற இந்த ஒன்றை மட்டும் படிக்கத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். உறுதியாகத்தான் சொல்கிறேன். அவள் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
எக்ஸ்ரேக்காரி

ஏப்ரல் 19

அன்புள்ள எக்ஸ்ரேக்காரிக்கு,

இருமல் போனது நல்ல செய்தி. என் கழுத்தும் இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது.

நீ கோபமாக இருக்கிறாய். இருக்க வேண்டியதுதான். உன் கடிதத்துக்கு நான் எழுதிய ஐந்து பதில்கள் இந்த மேஜையிலேயே கிடக்கின்றன. ஆறாவது இது. இதிலும் வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், மன்னித்துக்கொள்.

கதாநாயகி வந்தாள். திறந்த மைதானத்தில் பையைக் கொடுத்து நடக்க விட்டோம். நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். பையைக் கை மாற்ற வேண்டும், குதிகால் எழக் கூடாது, காது பின்னால் இருக்க வேண்டும். “இத்தனையும் முதுகுலயே தெரியணுமா சார்?” என்று கேட்டாள். பாவம், பதினாறு தடவை நடந்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். மெதுவாக நடக்கச் சொன்னதற்காக மெதுவாக நடக்கிறவளாக இருந்தாள். அதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து வைத்து, நேற்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மே முதல் வாரத்தில் சுவருக்கு வரும். உங்கள் ஊரிலும் ஒட்டுவார்கள். பார்த்தால் எழுது.

உன் வீட்டுக்காரன்

மே 7

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனமில்லை.

காலையில் நர்ஸ் ஓடி வந்தாள். “அக்கா, சொல்லவே இல்லையே நீங்க! சினிமாவுல எல்லாம் நடிச்சிருக்கீங்களா?” என்றாள். பைத்தியமா என்று கேட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மருந்துக் கிடங்கின் மதில் முன்னால் நிறுத்தினாள்.

உங்கள் போஸ்டர். கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, கை இருந்தது. கதாநாயகி இல்லை. நீங்கள் மாதிரிக்கு வைத்திருந்த அந்தப் பெண்தான், என் உயரத்துக்கு நின்றாள்.

கட்டைவிரல் அளவில் தெரியாதது ஆள் உயரத்தில் தெரிந்தது. பையின் கைப்பிடியில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. கட்டுப் போடுகிற பிளாஸ்டர். அறுந்த பைக்கு மருத்துவமனைப் பிளாஸ்டர் சுற்றுகிற கிறுக்கி இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அந்தக் கோணல் தையல் நானே போட்டது.

தன் முதுகைத் தானே யார் பார்த்திருக்கிறார்கள்? நர்சுக்குத் தெரிந்தது, மருந்துக் கிடங்குக் காவலாளிக்குத் தெரிந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. என் முதுகைப் பார்த்து நானே பொறாமைப்பட்டு, யார் இவள் என்று உங்களிடம் கேட்டிருக்கிறேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் நான் சிரிக்கவில்லை.

அந்தப் பையை நான் ஒரே நாள்தான் தூக்கினேன். பேருந்து நிலையத்தில், இந்த ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில். உள்ளே நடந்து போனேன். நீங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். ஏதாவது ஒரு சத்தம் வரும் என்று நடந்தேன். பையைக் கை மாற்றினேன். வண்டி ஏறுகிறவரை ஒரு சத்தமும் வரவில்லை.

படம் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்! கேமராவைத் தூக்கக் கை வந்தது. கூப்பிட வாய் வரவில்லையா? நான் எட்டு வைக்கும்போது வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? பிறகு அதை என்னிடமே அனுப்பி, இந்தப் பெண் எதற்காக நடக்கிறாள், உறுதியாகத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். நானும் முட்டாள் மாதிரி வரிக்கு வரி விளக்கம் எழுதியிருக்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை, வேறு ஒருத்தியைப் பற்றி என்று நினைத்து, உங்களிடமே சொல்லிவிட்டேன்.

இப்போது ஊர் முழுவதும் ஒட்டியிருக்கிறது. கேட்காமல் செய்தீர்கள். நீங்கள் எதைத்தான் கேட்டுச் செய்தீர்கள்?

மே 29

அன்புள்ள உனக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

நடந்ததைச் சொல்கிறேன். கணினியில் படத்தை அடுக்கடுக்காக வைத்துத்தான் வேலை செய்வோம் என்று உனக்குத் தெரியும். கதாநாயகியை மேல் அடுக்கில் வைத்தபிறகு, கீழே இருந்த உன் அடுக்கை அழித்திருக்க வேண்டும். தொழில் தெரிந்த எவனும் அழித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவான். மூன்று தடவை விரலைக் கொண்டுபோனேன், மனம் வரவில்லை. மறைத்து மட்டும் வைத்து அனுப்பினேன். அச்சகத்தில் திறந்தபோது மறைத்தது மேலே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் நான் செய்த ஒரே தப்பு இதுதான்.

கதாநாயகியின் ஆட்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். டைரக்டர் தெருவில் நின்று வெகுநேரம் போஸ்டரைப் பார்த்தார். “யாருங்க இந்தம்மா? நான் ரெண்டு மணி நேரம் படமா எடுத்தத ஒரு முதுகுல சொல்லிட்டாங்க” என்றார். என் மனைவி என்றேன். புதிதாக அச்சடித்து மேலே ஒட்டச் சொல்லிவிட்டார்.

பேருந்து நிலையத்தைப் பற்றி. அன்று வேறு வேலைக்குப் போகிற வழி, கழுத்தில் கேமரா தொங்கியது. நீ நடக்க ஆரம்பித்தாய். உன் பெயர் தொண்டைவரை வந்தது. கை கேமராவைத் தூக்கியது. எதைத் தாங்க முடியவில்லையோ அதைச் சட்டத்துக்குள் வைத்துவிடுகிற வியாதி எனக்கு. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். வெளிச்சம் எப்படி இருந்தது என்று சத்தியமாகத் தெரியாது, கண்ணில் தண்ணீர் நின்றது.

நீ இரண்டு சூரியன் என்று எழுதினாய். அந்தக் கதவு நம் வீட்டுக் கதவு. நீ போன அதே நாள் மாலையில் எடுத்தது. காலைக்கும் மாலைக்கும் நடுவில் நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையும் என் கைதான்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. முதுகைப் பார்த்து நீ அவ்வளவு எழுதினாய். கேமராவுக்குப் பின்னால் நின்றவனை நீ பார்க்கவில்லை. அவனும் ஒரு குரலுக்காகத்தான் நின்றான். ‘நீங்களும் வாங்க’ என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வேலைக்கு ஒரு மேஜையும் ஒரு ஜன்னலும் போதும், அது எந்த ஊரில் இருந்தால் என்ன? ஆனால் கூப்பிடாத இடத்துக்கு மனைவியின் பின்னாலேயே போகிறவன் என்று பெயர் வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. வீம்பு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

‘உன் இஷ்டம்’ என்று எழுதியது பொய். என் இஷ்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 18

அன்புள்ள எக்ஸ்ரேக்காரிக்கு,

நலமா? இருபது நாளாகப் பதில் இல்லை. இருமலா, கோபமா என்று தெரியவில்லை. இருமலாக இருக்க வேண்டாம்.

நம் தெருமுனைச் சுவரில் நேற்று மாற்றி ஒட்டினார்கள். அந்தக் கதாநாயகி பாவம், அவளுடைய வாய்ப்பை நான் கெடுக்கக் கூடாது. ஒட்டுகிற ஆள் வாளியில் பசையைக் குழைத்து, முதலில் உன் தோள் மேல் தடவினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “வேணும்னா ஒன்னு எடுத்துக்கிறீங்களா சார்?” என்று ஒட்டாத பழையதை நீட்டினார். வேண்டாம் என்றேன். முதுகைப் பார்த்தது போதும். எனக்கு உன் முகம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஜூன் முப்பதுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 27

என்னுடைய வீட்டுக்காரருக்கு,

இருமலும் இல்லை, கோபமும் இல்லை. கோபம் ஒரு வாரம் இருந்தது. பிறகு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது? சோற்றை வடித்துச் சாப்பிடுகிறீர்களா, கடைச் சாப்பாடா?

இங்கே இன்னும் மாற்றி ஒட்டவில்லை. தினமும் காலையில் அந்த மதிலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். முதல் பத்து நாள் தலையைக் குனிந்துகொண்டு போனேன். பிறகு ஒரு நாள், நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டு, நீங்கள் அன்று நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால், ஐயா, நான் நன்றாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். என் காது எங்கே இருக்கிறது என்று பின்னால் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் வாய் திறந்து சொல்கிறவள் நான். அன்று உங்களிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. நீங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அது என் வீம்பு.

படிவத்தை இன்று கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். நான் இங்கேயே இருக்கப்போகிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிட்டு வந்தால் ஆயுசுக்கும் உங்களைக் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பேன். வாசித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது.

படிவத்தின் இரண்டாவது பக்கத்தில், மருத்துவமனை வளாகத்தில் வீடு ஒதுக்குவதற்காக ஒரு கட்டம் இருந்தது. ‘உடன் வசிப்பவர்’ என்று போட்டிருந்தது. ஒன்றும் எழுதாவிட்டால் ஒற்றை அறை. எழுதினால் இரண்டு அறை, அதில் ஒன்றுக்கு வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் மேஜை உள்ளே போகும், கதவை மட்டும் கழற்ற வேண்டியிருக்கும்.

அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். பென்சிலில் எழுதலாமா என்று கிளார்க்கிடம் கேட்டேன். “பேனாவுலதான்மா எழுதணும், அடிச்சுத் திருத்தக் கூடாது” என்றார். பேனாவால் எழுதினேன். நீங்கள் என்னைக் கேட்காமல் படம் எடுத்தீர்கள். நான் உங்களைக் கேட்காமல் பெயர் எழுதினேன். அந்தக் காகிதம் இப்போது மேலிடத்துக்குப் போய்விட்டது. நான் பொய் எழுதிக் கொடுத்தவள் ஆகாமல் காப்பாற்றுவது இனி உங்கள் பொறுப்பு.

நான் சத்தமாகவே கூப்பிடுகிறேன். வாங்க.